பைக் ஓட்ட பேக் ப்ரொடெக்டர் (முதுகுக் கவசம்) வாங்குவது எப்படி: கழற்றி வீசத் தோன்றாத ஒன்றைத் தேர்ந்தெடுக்க முழு வழிகாட்டி

ஏலகிரி போகும் வழியில், ஆம்பூர் தாண்டி ஒரு டீக்கடை. கூட வந்த நண்பன் வெயில் தாங்காமல் ஜாக்கெட்டைக் கழற்றி டேங்க் மேல் போட்டான். முதுகுப்பக்கப் பையிலிருந்து கறுப்பாக ஏதோ எட்டிப் பார்த்தது. இழுத்துப் பார்த்தால் மெல்லிசான ஃபோம். ஒரு பக்கம் கட்டைவிரலால் அழுத்தினால் மறுபக்கம் வைத்திருக்கிற ஆள்காட்டி விரலுக்கு நன்றாகத் தெரிகிறது. இரண்டு வருஷமாக அதை நம்பித்தான் "பேக் ப்ரொடெக்டர் எல்லாம் இருக்கு மச்சி" என்று சொல்லிக்கொண்டு மலை மலையாக ஏறியிருக்கிறான். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். வீட்டுக்கு வந்து என் ஜாக்கெட்டைத் திறந்து பார்த்தால் எனக்கும் அதே கதிதான். அந்த ஃபோம் இப்போது எங்கள் வீட்டு மிக்ஸிக்கு அடியில் இருக்கிறது. சத்தம் குறைகிறதாம், அம்மா சொல்கிறார்.

அதற்கப்புறம் மூன்று வாங்கினேன். முதலாவது அலமாரியில் தூங்கியது, இரண்டாவதை விற்றுவிட்டேன், மூன்றாவதுதான் இன்றைக்கும் முதுகில் இருக்கிறது. மூன்றுக்கும் தரத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது. என் முதுகின் நீளத்தையும் நான் பைக்கில் உட்காருகிற விதத்தையும் பார்க்காமல் முதல் இரண்டையும் வாங்கினேன், அவ்வளவுதான். கனமாக இருக்கிறது, குத்துகிறது, கழுத்தில் இடிக்கிறது என்று கழற்றி வைத்தவர்களிடம் விசாரித்துப் பாருங்கள், நிறைய பேருக்கு அளவு தப்பாக இருக்கும். அதனால்தான் இந்த வழிகாட்டியில் அளவு பற்றியே அதிகம் பேசப் போகிறேன்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதைப் போட்டால் முதுகெலும்புக்கு ஒன்றும் ஆகாது என்று நினைக்க வேண்டாம். கீழே விழும்போது முதுகு நேராக எதன் மேலாவது மோதினால், அதாவது மைல்கல், நடைபாதை விளிம்பு, தடுப்புக் கம்பி, இன்னொரு வண்டியின் பம்பர், அந்த அடியைப் பரப்பிக் குறைப்பதுதான் இதன் வேலை. உடம்பு மடங்கியோ முறுக்கியோ எலும்பு ஒடிவதை இது பெரிதாகத் தடுக்காது. ஆனால் விலா எலும்பு, தோள்பட்டை எலும்பு, சிறுநீரகம் இருக்கிற பகுதி எல்லாம் நேரடி அடி வாங்குகிற இடங்கள்தானே, அதற்கே போடலாம்.

முதல் படி: இப்போது என்ன வைத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள்

ஜாக்கெட்டின் உள்பக்கம், முதுகில், வெல்க்ரோ அல்லது ஜிப் வைத்த ஒரு பை இருக்கும். உள்ளே இருப்பதை வெளியே எடுங்கள். தோளிலும் முழங்கையிலும் நல்ல கவசம் வைத்துவிட்டு முதுகில் மட்டும் வெறும் ஃபோம் வைத்து விற்பது சர்வ சாதாரணம். ஏமாற்று வேலை என்று சொல்ல முடியாது. ஐரோப்பாவின் ரைடிங் உடைத் தரமான இஎன் 17092 தோளுக்கும் முழங்கைக்கும்தான் கவசம் கேட்கிறது, முதுகுக்கு அது கட்டாயம் இல்லை. அதனால் பையைத் தைத்து, அந்த இடம் தொளதொள என்று தொங்காமல் இருக்க ஒரு ஃபோமைச் செருகிக் கொடுத்துவிடுகிறார்கள். நாம் அதைக் கவசம் என்று நினைத்துக்கொள்கிறோம்.

எடுத்ததில் எழுத்தோ முத்திரையோ எதுவும் இல்லையென்றால் அது வெறும் ஃபோம்தான். எழுத்து இருந்தால் அடுத்த படிக்கு வாருங்கள்.

இரண்டாம் படி: முத்திரையைப் படிப்பது

ஹெல்மெட்டுக்கு ஐஎஸ்ஐ மாதிரி இதற்கு நம்மூரில் கட்டாய முத்திரை கிடையாது. அதனால் எல்லோரும் பார்ப்பது ஐரோப்பியத் தரத்தைத்தான். முதுகுக் கவசத்துக்கான எண் இஎன் 1621-2. கடைசியில் இருக்கிற அந்த 2 முக்கியம். 1621-1 என்று இருந்தால் அது தோள், முழங்கை, முழங்காலுக்கான தரம். "சிஇ சர்டிஃபைடு சார்", அதாவது ஐரோப்பிய முத்திரை உண்டு, என்று கடையில் சொன்னால் எந்த எண் என்று கேளுங்கள், பதில் வரவில்லையென்றால் நீங்களே திருப்பிப் பாருங்கள்.

சோதனை இப்படி நடக்கும். 5 கிலோ எடையை 50 ஜூல் ஆற்றலோடு கவசத்தின் மேல் விழ வைப்பார்கள், ஏறக்குறைய 1 மீட்டர் உயரத்திலிருந்து போடுகிற மாதிரி. அடியில் எவ்வளவு விசை போய்ச் சேர்கிறது என்று அளப்பார்கள். சராசரி 18 கிலோ நியூட்டனுக்குள் இருந்தால் லெவல் 1, 9 கிலோ நியூட்டனுக்குள் இருந்தால் லெவல் 2. அதாவது ஒரே அடிக்கு லெவல் 1-இல் சுமார் 1800 கிலோ எடை அழுத்துகிற அளவு வரை கீழே போகலாம், லெவல் 2-இல் அதில் பாதிதான். தோள், முழங்கைக்கான தரத்தின் லெவல் 1 இதே அடிக்கு 35 வரை விட்டுவிடும். மேலே அந்த எண்ணை வலியுறுத்திச் சொன்னது அதனால்தான்.

இன்னும் சில எழுத்துகள் இருக்கும். எஃப்பி என்றால் தோள்பட்டை எலும்பு வரை மூடுகிற முழு முதுகு, சிபி என்றால் நடு முதுகு மட்டும், எல்பி என்றால் கீழ் இடுப்புப் பகுதி. டி பிளஸ் (T+) என்று போட்டிருந்தால் 40 டிகிரி வெப்பத்திலும் சோதித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். இது கட்டாயச் சோதனை கிடையாது, நிறுவனம் விரும்பினால் செய்யலாம். ஆனால் மே மாதம் விழுப்புரம் பக்கம் ஓட்டுகிறவனுக்கு இது முக்கியம். ஏனென்றால் கையால் வளைக்க முடிகிற மென்மையான கவசங்கள் சூட்டில் இளகும், குளிரில் விறைக்கும். டி மைனஸ் (T-) என்பது மைனஸ் 10 டிகிரிக்கு, லடாக் போகிறவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

லெவல் 1 போதுமா, 2 வேண்டுமா? இரண்டும் உங்களுக்கு ஒரே மாதிரி பொருந்தினால் கண்ணை மூடிக்கொண்டு 2. ஆனால் பொதுவாக லெவல் 2 கொஞ்சம் தடிமனாக இருக்கும், ஏற்கெனவே இறுக்கமான ஜாக்கெட்டுக்குள் போட்டால் நெஞ்சைப் பிடிக்கும், மூச்சு முட்டுகிற மாதிரி இருக்கும், அப்புறம் இரண்டாவது வாரமே எடுத்து வைத்துவிடுவீர்கள். என் முதல் கவசம் அப்படித்தான் அலமாரிக்குப் போனது. அந்த நிலைமையில் ஒழுங்காக உட்காருகிற லெவல் 1 வாங்குங்கள்.

மூன்றாம் படி: எந்த வகை

ஜாக்கெட் பைக்குள் செருகுகிற இன்சர்ட் வகைதான் நம்மூர் ரைடர்களில் பெரும்பாலானவர்களுக்குச் சரி. டி3ஓ, சாஸ்டெக், நாக்ஸ் மாதிரி பெயர்களைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். கையில் எடுத்தால் வளையும், அடி விழும்போது இறுகும். சோள மாவைத் தண்ணீரில் கெட்டியாகக் கரைத்துவிட்டு விரலை மெதுவாக விட்டுப் பாருங்கள், உள்ளே போகும். ஓங்கிக் குத்தினால் போகாது. அந்த மாதிரி.

அடுத்தது தோளில் மாட்டி இடுப்பில் பெல்ட் கட்டுகிற தனி கவசம். ஓடு ஓடாக அடுக்கிய தோற்றம். நான் முதன்முதலில் மாட்டிக்கொண்டு ஹாலுக்கு வந்தபோது அம்மா, "என்னடா இது ஆமை மாதிரி?" என்றார். அம்மா சொன்னதில் தப்பில்லை. இத்தாலியின் டைனீஸ் நிறுவனம் 1979-இல் செய்த முதல் முதுகுக் கவசத்துக்கு வைத்த பெயரே அரகோஸ்டா, நம் பாஷையில் சிங்கி இறால். இங்கிலாந்து ரேஸர் பாரி ஷீன் போட்டுப் பார்த்தது அது. இந்த வகை உடம்போடு ஒட்டி நிற்கும், எந்த ஜாக்கெட்டுக்குள்ளும் போடலாம். ஆனால் இடுப்பு பெல்ட் கட்டுகிற இடம் முழுக்க வேர்க்கும், டிராஃபிக்கில் ரொம்பக் கஷ்டம். தினமும் ஆபீஸ் போகிறவருக்கு நான் சொல்ல மாட்டேன். டிராக்குக்குப் போகிறவர், தொளதொள ஜாக்கெட் வைத்திருக்கிறவர் இதைப் பார்க்கலாம். வெஸ்ட் மாதிரி ஜிப் போட்டு மாட்டுவதும் இதே குடும்பம்தான், தோள் பட்டை அறுக்காது என்பது மட்டும் கூடுதல்.

விழும்போது காற்று நிரம்பி ஊதுகிற ஏர்பேக் வெஸ்ட் தனிக் கதை. அதற்குத் தரம் இஎன் 1621-4, விலை பல பத்தாயிரங்களில். மோட்டோஜிபி பைக் ரேஸில் 2018-இலிருந்து ஏர்பேக் கட்டாயம். வண்டியோடு கயிறு கட்டுகிற வகையில் இறங்கும்போது கழற்ற மறக்கக் கூடாது, அது ஊதுவதற்கு ஜாக்கெட்டுக்குள் இடமும் வேண்டும். காசு இருந்தால் வாங்குங்கள், மீதிப் பேருக்கு மேலே சொன்ன இரண்டு வகை போதும்.

நான்காம் படி: அளவெடுப்பது

இதற்குத் தையல்காரர் டேப் ஒன்றும் வீட்டில் ஓர் ஆளும் வேண்டும். தனியாகச் செய்யப் பார்க்காதீர்கள், நான் செய்து 3 சென்டிமீட்டர் தப்பாக எடுத்தேன்.

தலையைக் குனியுங்கள். கழுத்தும் முதுகும் சேருகிற இடத்தில் ஓர் எலும்பு முட்டிக்கொண்டு நிற்கும், விரல் வைத்தால் தெரியும். அதுதான் மேல் புள்ளி. கீழ் புள்ளிக்கு இரண்டு கையையும் இடுப்பில் வையுங்கள், வம்புச் சண்டைக்குப் போகிறவர்கள் நிற்கிற மாதிரி, கட்டைவிரல் பின்பக்கம் இருக்கட்டும். இடுப்பெலும்பின் மேல் விளிம்பு கைக்குத் தட்டுப்படும், இரண்டு கட்டைவிரலையும் இணைக்கிற கோடுதான் உங்கள் நிஜமான இடுப்பு. ஜீன்ஸ் கட்டுகிற இடம் அதற்குக் கீழே, அதை எடுத்தால் கவசம் பெரிதாகிவிடும். இந்த இரண்டுக்கும் நடுவில் எத்தனை சென்டிமீட்டர் என்று குறித்துக்கொள்ளுங்கள். நல்ல கவசத்தின் முத்திரையிலேயே தோளிலிருந்து இடுப்பு வரை இத்தனை அளவுள்ளவருக்கு என்று போட்டிருப்பார்கள். சில நிறுவனங்கள் உயரத்தை வைத்து அட்டவணை கொடுக்கும், அதை அப்படியே நம்ப வேண்டாம், ஒரே உயரத்தில் ஒருவருக்குக் கால் நீளம், இன்னொருவருக்கு முதுகு நீளம். சட்டை சைஸ் எல் என்பதால் இதுவும் எல் என்று முடிவு கட்டவே கூடாது.

இப்போது இரண்டாவது முறை. பைக்கில் ஏறி, சென்டர் ஸ்டாண்டிலோ யாராவது பிடித்துக்கொண்டோ, வழக்கமாக ஓட்டுகிற மாதிரி உட்கார்ந்து மறுபடி அளந்து பாருங்கள். புல்லட், ஹிமாலயன் மாதிரி நிமிர்ந்து உட்காருகிற வண்டியில் பெரிய மாற்றம் இருக்காது. ஆர்15 மாதிரி குனிந்து ஓட்டுகிற வண்டியில் முதுகு வளையும்போது அளவு நன்றாகக் கூடும், அதோடு ஜாக்கெட்டும் மேலே ஏறும், இரண்டும் சேர்ந்து நின்றுகொண்டு போட்டபோது சரியாக இருந்த கவசம் இடுப்பை விட்டு மேலே போய்விடும். இரண்டு அளவுக்கு நடுவில் மாட்டிக்கொண்டால் குனிந்து ஓட்டுகிறவர் பெரியதைப் போட்டுப் பார்க்கலாம், நிமிர்ந்து ஓட்டுகிறவர் சின்னதை.

என் இரண்டாவது கவசத்தின் கதையைச் சொன்னால் இது புரியும். நீளமாக இருந்தால் கூடுதல் பாதுகாப்புதானே என்று ஒரு சைஸ் பெரியதாக வாங்கினேன். நேர் ரோட்டில் ஒன்றும் தெரியவில்லை. ஏலகிரியில் மொத்தம் 14 கொண்டை ஊசி வளைவு, மூன்றாவது வளைவிலேயே மாட்டிக்கொண்டேன். கவசத்தின் அடிப்பக்கம் சீட்டில் முட்டி மேலே ஏறியிருக்கிறது, வளைவின் அந்தப் பக்கம் பார்க்கத் தலையை நிமிர்த்தித் திருப்பினால் ஹெல்மெட்டின் பின்விளிம்பு கவசத்தின் மேல்முனையில் இடித்து நிற்கிறது, தலை அதற்கு மேல் போகவில்லை. மேலேயிருந்து பஸ் வருகிறதா என்று பார்க்க உடம்பையே திருப்ப வேண்டியிருந்தது. மீதி வளைவுகளை எப்படி ஏறினேன் என்று கேட்காதீர்கள்.

இன்சர்ட் வாங்குகிறவர்களுக்கு இன்னொரு அளவும் உண்டு, ஜாக்கெட் பையின் அளவு. கம்பெனிக்குக் கம்பெனி பையின் வடிவம் மாறும், சிலது மேலே அகலம், சிலது நெடுக ஒரே அகலம். பழைய செய்தித்தாளைப் பைக்குள் விட்டு, ஓரங்களை விரலால் நீவி மடித்து, அந்த மடிப்பிலேயே வெட்டி எடுங்கள். அந்தக் காகிதத்தைக் கடைக்குக் கொண்டுபோய்க் கவசத்தின் மேல் வைத்துப் பார்த்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும். ஆன்லைனில் வாங்கினால் காகிதத்தின் நீள அகலத்தை அளந்து ஒப்பிடுங்கள். ஓரத்தைக் கத்தியால் வெட்டிச் சரிபண்ணிக்கொள்ளலாம் என்று சிலர் சொல்வார்கள், செய்யாதீர்கள், சோதனை செய்தது முழுத் துண்டைத்தான். பைக்குள் ஆடுகிற அளவுக்குச் சின்னதாக இருந்தாலும் பிரயோஜனம் இல்லை, ஓட்ட ஓட்டத் திரும்பி ஒரு பக்கமாகப் போய்விடும்.

ஜாக்கெட்டே பெரிதாக இருந்தால்? முதுகுத் துணியைக் கையால் பிடித்துப் பக்கவாட்டில் இழுத்துப் பாருங்கள். கவசம் முதுகெலும்பை விட்டு நகர்கிறது என்றால் விழும்போதும் நகரும். இடுப்பில் இருக்கிற இறுக்கும் பட்டைகளை இழுத்துக் கட்டுங்கள், அப்படியும் ஆடினால் தனியாகக் கட்டுகிற வகைக்குப் போக வேண்டியதுதான்.

ஐந்தாம் படி: கடையில் செய்ய வேண்டியது

சென்னையில் ஜி.பி. ரோடு மாதிரி இடத்தில் கடைக்காரர் அவசரப்படுத்துவார், பின்னால் நாலு பேர் நிற்பார்கள். கண்டுகொள்ளாதீர்கள். சொந்த ஜாக்கெட்டையும் சொந்த ஹெல்மெட்டையும் கொண்டுபோங்கள், மாட்டிக்கொண்டு வெளியே நிற்கிற உங்கள் வண்டியில் போய் உட்காருங்கள்.

ஜிப்பைக் கழுத்து வரை ஏற்றிவிட்டு ஆழமாக மூச்சு இழுங்கள். ஹெல்மெட்டோடு நிமிர்ந்து வானத்தைப் பாருங்கள், பின்னால் இடிக்கக் கூடாது. இரண்டு பக்கமும் தோளுக்கு மேல் திரும்பிப் பாருங்கள். ஹேண்டில்பாரை இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை திருப்புங்கள், தோள்பட்டை எலும்புகள் நகரும்போது கவசத்தின் ஓரம் குத்துகிறதா என்று அப்போதுதான் தெரியும். ஃபுட்பெக்கில் எழுந்து நின்று உட்காருங்கள், அடிமுனை சீட்டிலோ பின்னால் கட்டிய பையிலோ முட்டக் கூடாது. அப்புறம் கழற்றாமல் ஒரு டீ குடியுங்கள். நிஜமாகத்தான் சொல்கிறேன். முதல் ஐந்து நிமிஷம் எல்லாக் கவசமும் கொஞ்சம் விறைப்பாகத்தான் இருக்கும், உடம்புச் சூட்டில் மென்மையான வகை இளகி முதுகின் வளைவுக்கு வந்துவிடும். பதினைந்து நிமிஷம் கழித்தும் ஒரே புள்ளியில் குத்தினால் அது சரியாகாது. குறிப்பாக இடுப்புக்கு மேல் முதுகு உள்வாங்குகிற இடத்தில் கவசம் தொடாமல் பாலம் மாதிரி நிற்கிறதா என்று கையை விட்டுப் பாருங்கள், அப்படி நின்றால் மேலேயும் கீழேயும் இரண்டே இடத்தில் மொத்த அழுத்தமும் விழும், நூறு கிலோமீட்டரில் முதுகு வலிக்க ஆரம்பித்துவிடும்.

பெண்களுக்கு ஒரு குறிப்பு, என் அக்கா சொன்னது. உள்ளாடையின் கொக்கி நேராகக் கவசத்துக்கு அடியில் வரும், ஒரு மணி நேரத்தில் அச்சு பதிந்துவிடும், கொக்கி இல்லாத ஸ்போர்ட்ஸ் வகை போட்டால் அந்தத் தொல்லை இல்லை. ஆண்களுக்கான கவசத்தில் சின்ன சைஸ் எடுப்பதைவிடப் பெண்களுக்கென்றே செய்ததைக் கேட்டுப் பாருங்கள், இடுப்பு வளைவு வேறு.

வெயில்

எந்தக் கவசமும் வேர்க்காது என்று சொன்னால் நம்பாதீர்கள். ஓட்டை போட்ட கவசம் காற்றோட்டமாக இருக்கும் என்பது பாதிதான் உண்மை. ஜாக்கெட்டின் முதுகுத் துணி காற்று விடாத துணி என்றால் கவசத்தில் ஆயிரம் ஓட்டை இருந்தும் என்ன லாபம்? முன்னால் நுழைகிற காற்று வெளியேற வழி வேண்டும், வலை மாதிரித் துணியில் தைத்த மெஷ் ஜாக்கெட்டில்தான் அது நடக்கும். கவசத்தின் உடம்புப் பக்கத்தில் மேடு பள்ளமாக வரிகள் இருந்தால் முழுத் தட்டையானதைவிட நல்லது, நடுவில் கொஞ்சம் காற்று ஓடும்.

உள்ளே பருத்தி பனியன் வேண்டாம், வேர்வையைக் குடித்து முதுகோடு ஒட்டிக்கொள்ளும், அது உரசித்தான் சிவந்துபோகும். சீக்கிரம் காய்கிற பாலியெஸ்டர் டிஷர்ட், தையல் இல்லாத முதுகு. வறண்ட வெயிலில், அதாவது வேலூர், சேலம் பக்கம், டிஷர்ட்டை நனைத்துப் பிழிந்து போட்டுக்கொண்டு மெஷ் ஜாக்கெட்டோடு கிளம்பினால் அரை மணி நேரம் ஏசி மாதிரி இருக்கும். ஈசிஆரில் கடல் காற்றின் ஈரத்தில் இது அவ்வளவு எடுபடாது.

முதுகுப் பை மாட்டுகிறவர்கள், கவசத்துக்கு மேல் அதுவும் சேர்ந்தால் காற்று சுத்தமாக நின்றுவிடும். அதைவிட மோசம், பைக்குள் இருக்கிற பூட்டு, சார்ஜர் மாதிரிக் கெட்டியான சாமான்கள் விழும்போது முதுகுக்கும் ரோட்டுக்கும் நடுவில் இருக்கும். பின்சீட்டில் கட்டுகிற பை வாங்கிக்கொள்ளுங்கள்.

வாங்கிய பிறகு

முதல் நாளே கொல்லிமலையின் 70 வளைவுக்குக் கிளம்பாதீர்கள். ஒரு வாரம் ஊருக்குள் போட்டு ஓட்டுங்கள், இன்சர்ட் நகர்கிறதா, எங்கே உரசுகிறது என்று தெரிந்துவிடும், திருப்பிக் கொடுக்கிற நாளும் தாண்டியிருக்காது. பில்லையும் அட்டையையும் அதுவரை தூக்கிப் போட வேண்டாம்.

ஜாக்கெட்டைத் துவைக்கும்போது கவசத்தை வெளியே எடுத்துவிட வேண்டும். அதைத் தனியாக ஈரத்துணியால் துடைத்தால் போதும், நாற்றம் அடித்தால் மிதமான சோப்புத் தண்ணீர். வாஷிங் மெஷின், பிரஷ், மொட்டை மாடி வெயில் மூன்றும் கூடாது, நிழலில் படுக்கப் போட்டுக் காய வையுங்கள். மடித்து டிக்கியில் திணித்து வைத்தால் அந்த மடிப்பிலேயே வளைந்து நிற்கும், அப்புறம் முதுகில் உட்காராது. அகலமான ஹேங்கரில் ஜாக்கெட்டோடு தொங்கவிடுவதுதான் நல்லது.

பலமாக விழுந்து கவசத்தில் அடி பட்டிருந்தால் வெளியே பார்க்க நன்றாக இருந்தாலும் மாற்றிவிடுங்கள். விழவே இல்லையென்றாலும் ஆயுள் உண்டு, எத்தனை வருஷம் என்பது கூட வருகிற சின்னப் புத்தகத்தில் இருக்கும், தயாரித்த தேதி கவசத்தின் மேல் இருக்கும். நான் வாங்கிய மாதத்தை மார்க்கரால் கவசத்தின் பின்பக்கமே எழுதி வைத்திருக்கிறேன், பில் எங்கே போனது என்று தேட வேண்டியதில்லை.